டப்பா வாங்கிய பேர்

கை இல்லாத பனியனை ‘சாண்டோ பனியன்’ என்று கேட்டு வாங்கிய தலைமுறை நாம். தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ என்று இருந்ததும் நமக்கு நினைவிருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யூஜின் சாண்டோ. 1867இல் அன்றைய பிரஷ்யாவில் பிறந்தவர். பளு தூக்கியும் மேடையில் தசைகளை முறுக்கிக் காட்டியும் உலகப் புகழ் பெற்றவர். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து போனார். அதன்பின் நன்றாகத் தேகப்பயிற்சி செய்தவர்களை ‘சாண்டோ’ என்றே அழைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் வந்துவிட்டது.

சாண்டோவின் உடம்பு பளு தூக்கித் தூக்கி வந்த உடம்பு. ஆனால் பிற்காலத்தில் அவர் தம் பெயரிலேயே ஒரு கோகோப் பொடியை டப்பாவில் போட்டு விற்றார். வாங்கிக் குடித்தவர்கள், இதைக் குடித்தால் சாண்டோ மாதிரி ஆகிவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். உடம்பை வளர்த்தது இரும்பு. பேர் வாங்கியது டப்பா.

நூறு வருஷம் கழித்து அதே கதை நம் வீட்டுக் கூடத்துக்கே வந்திருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பேரன் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து வைக்கிறான். விலையைக் கேட்டால் நம்முடைய முதல் மாதச் சம்பளத்தை விடப் பல மடங்கு. ‘ஹார்மோன் ரிசப்டரின் உணர்திறனைக் கூட்டும்’ என்று அதன்மேல் போட்டிருக்கிறது. “தாத்தா, நீங்க படிச்சவங்க, இது நல்லதா?” என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இதன் வரலாற்றைச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

சேவல் சொன்ன ரகசியம்

காளைக்குக் காயடித்தால் அது சாதுவாகி ஏருக்கும் வண்டிக்கும் பழகும் என்பது நம் விவசாயிகளுக்குக் காலம் காலமாகத் தெரியும். ஏன் அப்படி என்பதுதான் தெரியாது. அதற்கு விடை தேடியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்ட். 1849இல் ஆறு சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவல் நின்றது, சண்டைக் குணம் போனது. வேறு சிலவற்றுக்கு விதையை எடுத்து, வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் ஒட்டவைத்தார். நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்துபோயும் அவை சேவலாகவே இருந்தன. அப்படியானால் விதையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்று அவர் ஊகித்தார். அந்த ‘ஏதோ ஒன்றுக்கு’ ஹார்மோன் என்ற பொதுப்பெயர் 1905இல்தான் வந்தது.

நாற்பது வருஷம் கழித்து, 1889இல், பாரிஸில் பிரௌன்-செகார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர் ஓர் அறிவிப்புச் செய்தார். வயது அப்போது 72. நாய், கினிப் பன்றி இவற்றின் விதைகளை நசுக்கி எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டதாகவும், இளமை திரும்பிவிட்டதாகவும் சொன்னார். கையின் பலம் கூடியது என்று கருவி வைத்து அளந்து காட்டினார். சிறுநீர் முன்பைவிடத் தூரமாகப் பாய்கிறது என்பதையும் அளந்து எழுதினார். நம் வயதுக்காரர்களுக்கு அந்த அளவையின் அருமை புரியும்!

உலகமே அந்தச் சாற்றின் பின்னால் ஓடியது. அமெரிக்க பேஸ்பால் வீரர் ஒருவர் அதே வருஷம் அதைப் போட்டுக்கொண்டு விளையாடி ஜெயித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மை என்ன? பிரௌன்-செகார் சாறெடுத்தது தண்ணீரில். ஆண் ஹார்மோனோ எண்ணெய்ச் சத்து போன்றது, தண்ணீரில் கரையாது. 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் செய்த முறையிலேயே சாறெடுத்து அளந்து பார்த்தார்கள். அதிலிருந்த ஹார்மோன் எந்தப் பலனும் தர முடியாத அளவுக்குச் சொற்பம். பெரியவருக்கு வந்த பலம் நம்பிக்கையால் வந்த பலம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். டப்பாவுக்குப் பதிலாக அன்றைக்கு ஊசி பேர் வாங்கியது.

அசல் சரக்கைப் பிரித்தெடுப்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1927இல் சிகாகோவில் கோக் என்ற பேராசிரியரும் மெகீ என்ற மாணவரும் சுமார் 18 கிலோ காளை விதையிலிருந்து 20 மில்லிகிராம் சத்தை எடுத்தார்கள். அதைக் காயடித்த சேவலுக்குப் போட்டதும் கொண்டை வளர்ந்தது. 1931இல் ஜெர்மனியின் பூட்டனாண்ட், போலீஸ்காரர்களிடமிருந்து சேகரித்த சுமார் 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி 15 மில்லிகிராம் ஆண் ஹார்மோன் எடுத்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கரின் குழு, காளை விதையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் பிரித்து அந்தப் பெயரையும் வைத்தது. அதே வருஷம் பூட்டனாண்டும், சுவிட்சர்லாந்தில் ருசிக்காவும் கொலஸ்டிராலிலிருந்து அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். இருவருக்கும் 1939இல் நோபல் பரிசு. ஹிட்லர் அரசு பூட்டனாண்டைப் பரிசை மறுக்க வைத்தது. போருக்குப் பின்னரே பட்டயமும் பதக்கமும் அவர் கைக்கு வந்தன.

அதே 1935இல் அமெரிக்காவில் கொச்சாக்கியன் என்ற இளம் ஆய்வாளர், விதை நீக்கிய நாய்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் அவற்றின் உடம்பு புரதத்தைச் சேர்த்து வைக்கிறது என்று காட்டினார். ஆண்மைக்கான பொருள் தசைக்கான பொருளும்கூட என்று அன்றே தெரிந்துவிட்டது.

யார்க் நகரத்து மாவு

இனி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள யார்க் நகரத்துக்குப் போவோம். அங்கே பாப் ஹாஃப்மன் என்பவர் பளு தூக்கும் இரும்புச் சாமான்கள் செய்து விற்றார். அமெரிக்காவின் பளு தூக்கும் அணியே அவர் கையில்தான் இருந்தது. பத்திரிகையும் நடத்தினார். 1950களில் சோயாவிலிருந்து செய்த ‘ஹை-புரோட்டீன்’ என்ற பொடியை விற்கத் தொடங்கினார். இரும்பை விட அதில் லாபம் நல்ல லாபம். இரும்பை ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். பொடி மாதாமாதம் தீர்ந்துபோகும் அல்லவா?

1954இல் வியன்னாவில் உலகப் பளு தூக்கும் போட்டி நடந்தது. அமெரிக்க அணியோடு போன ஜான் சீக்ளர் என்ற டாக்டர், ரஷ்ய வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதை அறிந்து வந்தார். 1958இல் சிபா கம்பெனி ‘டயனபால்’ என்ற மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டெஸ்டோஸ்டிரோனைக் கொஞ்சம் மாற்றி, வாயில் போட்டு விழுங்கும்படி செய்த மருந்து அது. சீக்ளர் அதை யார்க் வீரர்கள் சிலருக்குக் கொடுத்தார். அவர்கள் தூக்கிய எடை மடமடவென்று ஏறியது.

ரகசியம் என்ன என்று ஊரெல்லாம் கேட்டது. மாத்திரையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அசையாத இரும்புக் கம்பியை அழுத்தி நிற்கும் ஒரு புதிய பயிற்சிதான் காரணம் என்று ஹாஃப்மனின் பத்திரிகை எழுதியது. அந்தப் பயிற்சிக்கான இரும்புச் சட்டமும் விற்பனைக்கு இருந்தது; கூடவே புரோட்டீன் பொடி. நாடு முழுக்க இளைஞர்கள் சட்டத்தையும் பொடியையும் வாங்கி, தங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கண்ணாடி முன் நின்று குழம்பினார்கள்.

பிறகு விஷயம் கசிந்தது. டாக்டர் சொன்ன அளவைப் போலப் பல மடங்கு மாத்திரையை வீரர்கள் தாங்களாகவே விழுங்கத் தொடங்கினார்கள். சீக்ளர் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டார். தாம் தொடங்கி வைத்ததை நினைத்துக் கடைசி வரை வருந்தினார்.

பூட்டும் சாவியும்

இப்போது அந்த ‘ரிசப்டர்’ என்ற வார்த்தைக்கு வருவோம். பாடப்புத்தகத் தமிழில் ஏற்பி. நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருப்பதால் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. டைப் 2 சர்க்கரை நோயில் ஆரம்பத்தில் இன்சுலின் சுரக்காமல் இல்லை, நிறையவே சுரக்கும். ஆனால் செல்கள் அதன் சொல்லைக் கேட்பதில்லை. டாக்டர் ‘இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்’ என்று சொல்வது அதைத்தான். ஹார்மோன் சாவி என்றால், செல்லில் இருக்கும் ஏற்பி பூட்டு. சாவி எத்தனை இருந்தாலும் பூட்டு திறந்தால்தான் வேலை நடக்கும்.

ஆண் ஹார்மோன் விஷயத்திலும் அப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் செல்லுக்குள் நுழைந்து ஏற்பியோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. தசைச் செல்லாக இருந்தால் புரத உற்பத்தி கூடுகிறது. 1960களின் இறுதியில் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1988இல் அதன் மரபணுவையே பிரித்துவிட்டார்கள். அது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான்; அது தாயிடமிருந்து வருகிறது. ஆகவே மீசைக்கும் புஜபலத்துக்கும் காரணமான ஹார்மோனின் பேச்சைக் கேட்கும் பூட்டை, ஒவ்வொரு ஆணுக்கும் கொடுப்பது அவன் அம்மா!

பூட்டே வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? 1950இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து டாக்டர் லாசன் வில்கின்ஸ் இதை விளக்கினார். பெண்ணாகவே பிறந்து வளர்ந்த ஒருவரின் உடம்புக்குள் விதைகள் இருந்தன. அவருக்கு ஆண் ஹார்மோனை மேலும் கொடுத்துப் பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை. சாவிக்குக் குறைவில்லை, பூட்டு அசையவில்லை.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பாட்டினோவின் கதையும் இதுதான். 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் குரோமோசோம் பரிசோதனை செய்து, அவரைப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உதவித்தொகை போனது, சாதனைகள் அழிக்கப்பட்டன, நிச்சயமான கல்யாணமும் நின்றது. உண்மையில் அவர் உடம்பின் ஏற்பிகள் டெஸ்டோஸ்டிரோனைக் கேட்கவே கேட்காது. சாதாரணப் பெண்களுக்கு அந்த ஹார்மோனால் கிடைக்கும் சிறு பலன்கூட அவருக்குக் கிடையாது. மூன்று வருஷம் போராடி 1988இல் மீண்டும் ஓடும் உரிமையை வாங்கினார். பின்னாளில் தம் கதையைத் தாமே ஒரு மருத்துவ இதழில் எழுதினார். ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்பது பாதிக் கதைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மருந்துக் கம்பெனிகள் வேறொரு கனவு கண்டன. தசையை மட்டும் வளர்த்து, மற்ற ஆண் தன்மைகளைத் தூண்டாத மருந்து வேண்டும் என்று தேடின. எலியின் ஆசனவாய்ப் பக்கத்தில் உள்ள ஒரு தசை எவ்வளவு வளர்கிறது, புராஸ்டேட் முதலிய சுரப்பிகள் எவ்வளவு வளர்கின்றன என்று எடை போட்டு, இரண்டையும் வகுத்து, ‘இது தசைக்கு, இது ஆண்மைக்கு’ என்று தரம் பிரித்தார்கள். அந்தக் கணக்கு மனிதரிடம் பலிக்கவில்லை. காரணம், தசையில் உள்ள பூட்டும் புராஸ்டேட்டில் உள்ள பூட்டும் குரல்வளையில் உள்ள பூட்டும் ஒன்றே. ஒரே சாவி எல்லா அறைகளையும் திறக்கும். புஜத்துக்கு என்று விழுங்குவது புராஸ்டேட்டையும் கேட்காமல் விடாது.

மருந்துக்கு வைட்டமின் என்று பேர்

இதற்குக் கொடுமையான சாட்சி கிழக்கு ஜெர்மனி. 1974இலிருந்து அந்த அரசு ‘மாநிலத் திட்டம் 14.25’ என்ற பெயரில், விளையாட்டு வீரர்களுக்கு ஆண் ஹார்மோன் மாத்திரை கொடுப்பதை அரசாங்க வேலையாகவே நடத்தியது. மாத்திரையின் பெயர் ஓரல்-டுரினபால். பத்தாயிரம் பேர் அளவுக்கு இதில் சிக்கினார்கள். பலர் பதின்வயதுச் சிறுமிகள். வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கத்தில் 11 கிழக்கு ஜெர்மனிக்கு. அந்தப் பெண்களின் குரல் தடித்துப் போயிருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். குரல்வளையிலும் அதே பூட்டு இருக்கிறதே!

பெர்லின் சுவர் விழுந்தபின் வெர்னர் ஃப்ராங்கே என்ற உயிரியல் விஞ்ஞானியும், அவர் மனைவியும் முன்னாள் தடகள வீராங்கனையுமான பிரிகிட் பெரன்டோங்கும் ரகசிய ஆவணங்களைத் தேடி வெளியிட்டார்கள். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். 2000இல் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த எவால்டும் மருத்துவர் ஹோப்னரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்ட சிறை. உடம்பு கெட்டுப்போன பெண்களுக்கு அது என்ன ஆறுதல்?

யார்க் நகரத்தில் மருந்து செய்த வேலைக்கு மாவு பேர் வாங்கியது. கிழக்கு ஜெர்மனியில் மருந்துக்கே வைட்டமின் என்று பேர் வைத்தார்கள். இரண்டிலும் ஏமாந்தது சின்னப் பிள்ளைகள்.

நெருஞ்சி முள்ளின் புகழ்

நம் தரிசு நிலத்தில் காலைக் குத்தும் நெருஞ்சி இருக்கிறதே, அதுவும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். நம் நாட்டு வைத்தியத்தில் அது நீர்க்கடுப்புக்கு உள்ள மூலிகை. 1980களில் பல்கேரியாவில் அதைச் சாறெடுத்து மாத்திரையாக்கினார்கள். அந்நாட்டுப் பளு தூக்கும் வீரர்களின் பலத்துக்கு நெருஞ்சிதான் காரணம் என்ற பேச்சு உலகமெல்லாம் பரவியது.

1988 சியோல் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய பல்கேரிய வீரர்கள் இருவர் பரிசோதனையில் சிக்கினார்கள். சிறுநீரில் இருந்தது ஃபுரோசமைடு. நமக்கெல்லாம் இதய டாக்டர் எழுதித்தரும் லாசிக்ஸ்! நீரை வெளியேற்றி எடையைக் குறைக்கவும், வேறு மருந்தின் தடயத்தை மறைக்கவும் அது உதவும் என்பதால் தடை செய்யப்பட்டது. பதக்கங்கள் பறிபோயின, அணியே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. நெருஞ்சியின் புகழ் மட்டும் குறையவில்லை. 2007இல் ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களுக்கு 5 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். நெருஞ்சி சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் பலத்திலோ தசையிலோ வித்தியாசம் இல்லை.

ஏற்பியை விற்கும் டப்பா

1994இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. உணவுத் துணைப் பொருள்களை விற்பதற்கு, மருந்தைப் போல முன்கூட்டியே நிரூபித்து அனுமதி வாங்க வேண்டாம் என்றது. அதன்பின் டப்பாக்கள் பெருகின. ‘ஹார்மோனைக் கூட்டும்’ என்று ஒரு கூட்டம் விற்றது. விஞ்ஞானம் ஏற்பியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், ‘ஏற்பியின் உணர்திறனைக் கூட்டும்’ என்று அடுத்த கூட்டம் வந்தது.

அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று கார்னிடைன் என்ற பொருளைப் பற்றிய 2006ஆம் ஆண்டு ஆய்வு. பத்து இளைஞர்கள், மூன்று வாரம். தசையில் ஏற்பியின் அளவு சற்றுக் கூடியது என்று கண்டார்கள். பத்துப் பேர், 21 நாள் என்பது ஆராய்ச்சியின் முதல் படி. அதை வைத்துப் புஜம் பெருக்கும் என்று டப்பாவில் அச்சடிப்பது, விதை முளைவிட்டதும் களத்துமேட்டில் நெல் விலை பேசுவது மாதிரி.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. 2000-01இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகத்தில், ஹார்மோன் கிடையாது என்று விற்கப்பட்ட 634 துணைப் பொருள்களை 13 நாடுகளிலிருந்து வாங்கிப் பரிசோதித்தார்கள். 94 டப்பாக்களில், அதாவது நூற்றுக்குச் சுமார் 15இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் பொருள் கலந்திருந்தது. இது மூன்றாவது விதம்: மாவுக்குள்ளேயே மருந்து ஒளிந்திருப்பது. பேரன் மாவு என்று நினைத்துக் குடிப்பது மாவுதானா என்பதே சந்தேகம்.

ஹார்மோன் உடம்பை வளர்க்காதா? வளர்க்கும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. 1996இல் அமெரிக்காவில் நம் நாட்டுக்காரரான டாக்டர் சலேந்தர் பாசின் இதைச் சந்தேகமில்லாமல் காட்டினார். 43 ஆண்கள், 10 வாரம். சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இது வழக்கமான சிகிச்சை அளவைப் போல ஆறு மடங்கு. மற்றவர்களுக்கு வெறும் ஊசி. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை 6 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். மருந்தில்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. மேடையில் பிரம்மாண்டமாக நின்று பொடி டப்பாவை நீட்டும் ஆணழகனைப் பார்க்கும்போது இந்த மூன்று எண்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நோகாமல் நுங்கு தின்ன நினைத்தால் அதற்கு விலை இருக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை ‘போதும்’ என்று உத்தரவு போட்டு உடம்பின் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பையனுக்கு இது சின்ன விஷயமா? வாயில் போடும் மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கும், நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கும், இதயத் தசையைத் தடிக்க வைக்கும்.

சரி, ஏற்பிக்கும் தசைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. 2018இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், பயிற்சியில் பழகிய 49 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். எல்லோரும் ஒழுங்காகப் பளு தூக்கினார்கள். ஆனால் சிலருக்குத் தசை நன்றாக ஏறியது, சிலருக்கு ஏறவில்லை. ரத்தத்தில் இருந்த டெஸ்டோஸ்டிரோனுக்கும் இந்த வித்தியாசத்துக்கும் தொடர்பில்லை. அதிகம் வளர்ந்தவர்களின் தசையில் ஏற்பி அதிகமாக இருந்தது. ஒரே ஜிம்மில், ஒரே சாப்பாட்டில், அண்ணனுக்கு ஏறுவதும் தம்பிக்கு ஏறாததும் ஏன் என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம். அந்தத் தம்பி செய்த தப்பு ஒன்றுமில்லை. அவனுக்கு அடுத்த டப்பாவும் தேவையில்லை, தாழ்வு மனப்பான்மையும் தேவையில்லை. இதைத்தான் பேரன்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

டப்பாக்கள் எல்லாமே மோசடி என்றும் நான் சொல்லவில்லை. வே புரோட்டீன் என்பது பாலாடைக்கட்டி செய்யும்போது திரிந்து வடியும் தண்ணீரிலிருந்து எடுத்த பால் புரதம். நல்ல சரக்காக இருந்தால் அது உணவு, அவ்வளவுதான். கிரியேட்டின் என்ற பொருள் கடும் பயிற்சிக்குக் கொஞ்சம் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அது தசையின் சக்திச் சேமிப்பு வழியாக வேலை செய்கிறது, ஹார்மோன் ஏற்பி வழியாக அல்ல. நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் இவற்றில் கிடைக்கும். பளு தூக்கும் பையனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நமக்கும் ஒரு செய்தி

பேரனுக்குச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. நம் வயதில் தசை வருஷா வருஷம் கரைகிறது. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுவதும், மாடிப்படியில் மூச்சு வாங்குவதும், குளியலறையில் விழுவதும் பல நேரம் அதனாலும்தான். நம்மைக் குறிவைத்தும் டப்பாக்கள் வந்துவிட்டன.

1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் மரியா ஃபியாட்டரோன் ஒரு சோதனை செய்தார். தளர்ந்துபோன, 90 வயதை ஒட்டிய பத்துப் பேரைக் காலால் பளு தூக்க வைத்தார். எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையும் வளர்ந்தது. 1994இல் அவர் நூறு முதியவர்களை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டார்: பயிற்சியா, சத்து பானமா? சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்து, பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. நடை வேகமும் படியேறும் சக்தியும் கூடின. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

அந்த முதியவர்களின் ரத்தத்தில் இளமையின் ஹார்மோன் இல்லை. ஏற்பியை எழுப்பும் டப்பாவும் இல்லை. தசைக்கு வேலை கொடுத்தார்கள், அது கேட்டது.

நாம் தண்டால் எடுக்க வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது என்று தொடங்கலாம். ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். அவன் டப்பாவைப் பற்றிக் கேட்கும்போது, இந்தக் கதையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.